முப்பது அடிப் படகில் அட்லாண்டிக்: ஆயத்தக் குறிப்புகள்

கானரித் தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து கரீபியக் கடலின் வாசலில் இருக்கும் பார்படோஸ் வரை ஏறத்தாழ 2,700 கடல்மைல். இதை 30 அடிப் பாய்மரப் படகில் கடக்க நண்பரும் நானும் ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறோம். வரைபடத்தில் கோடு போடுவது ஒரு மாலை நேர வேலைதான். எங்கள் நேரத்தையெல்லாம் விழுங்கியது வேறொரு கேள்வி: எத்தனை நாள் ஆகும்?

தண்ணீர், மின்சாரம், உணவு, தூக்கம் எல்லாமே இந்த ஒரு எண்ணில்தான் தொங்குகின்றன. எங்கள் படகின் நீர்க்கோட்டு நீளம், அதாவது நீர்மட்டத்தில் அளந்த நீளம், 24 அடி. அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் இத்தகைய படகின் உச்ச வேகம் நாட் (மணிக்கு ஒரு கடல்மைல்) கணக்கில் கிடைக்கும், எங்களுக்கு 6.5 சொச்சம். நண்பர் அதை 24 மணியால் பெருக்கி, தூரத்தை வகுத்து, 'பதினேழே நாள்' என்று அறிவித்தார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த வேகத்தில் படகு எழுப்பும் அலை படகின் நீளத்தையே எட்டிவிடுகிறது. அதற்கு மேல் போக வேண்டுமானால் தான் எழுப்பிய அலையின் மேலேயே ஏறியாக வேண்டும். கனமான சிறு படகுக்கு அது முடிகிற காரியமில்லை. ஆக 6.5 என்பது கூரை. அந்தக் கூரையை இரவும் பகலும் தொட்டுக்கொண்டே யாரும் போவதில்லை.

நாளுக்கு 100 மைல் என்றால் 27 நாள். 80 என்றால் 34. 1960இல் முதன்முதலாக நடந்த அட்லாண்டிக் தனியாள் போட்டியில் பிளாண்டி ஹாஸ்லர், ஜெஸ்டர் என்ற 25 அடிப் படகில் இங்கிலாந்திலிருந்து நியூயார்க் போய்ச்சேர 48 நாள் பிடித்தது. அவர் இரண்டாவதாக வந்தவர், கடைசியாக வந்தவர் அல்லர். அவருடையது எதிர்காற்றுப் பாதை, எங்களுடையது பின்காற்றுப் பாதை என்பது உண்மைதான். இருந்தும் உணவையும் தண்ணீரையும் 40 நாளுக்கு ஏற்றுவது என்று கறாராக முடிவு செய்தோம். நண்பர் இன்னும் முணுமுணுக்கிறார்.

பருவத்தைப் பொறுத்தவரை பெரிய விவாதம் எழவில்லை. வட அட்லாண்டிக்கின் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. டிசம்பர் பிறந்தபின் கிளம்பினால் வடகிழக்கு வணிகக் காற்றும் நிலைபெற்றிருக்கும். இதைப் பைலட் சார்ட்டை வைத்துச் சரிபார்த்தோம். அமெரிக்கக் கடற்படையின் மேத்யூ ஃபான்டெய்ன் மோரி, கப்பல்களின் பழைய பதிவேடுகளைத் திரட்டி 1847இல் தொடங்கி வெளியிட்ட காற்று, நீரோட்டப் படங்களின் வழித்தோன்றல் அது. மாதத்துக்கு ஒரு தாள். சதுரம் சதுரமாக நீல நிறத்தில் காற்று வட்டங்கள். வட்டத்தைத் தொடும் அம்பு நீளமாக இருந்தால் அந்தத் திசைக்காற்று அடிக்கடி வீசுகிறது என்று பொருள். அம்பின் வால் இறகுகளை எண்ணினால், காற்றுக்கு 0 முதல் 12 வரை எண் கொடுக்கும் போஃபர்ட் அளவில் அதன் வலிமை. வட்டத்தின் நடுவில் உள்ள எண், காற்றே இல்லாத நேரத்தின் சதவீதம்.

எல்லோரும் அம்பைத்தான் பார்க்கிறார்கள். நான் நடு எண்ணைப் பார்க்கச் சொல்வேன். சிறு படகைப் பட்டினி போடுவது புயலைவிடப் பெரும்பாலும் அந்த எண்தான். கானரியிலிருந்து நேராக மேற்கே திரும்பாமல் தென்மேற்காக இறங்கி, 20 பாகை அட்சரேகை வாக்கில் மேற்கே திரும்புவது ஏன் வழக்கமாயிற்று என்று டிசம்பர், ஜனவரித் தாள்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும். தூரம் கூடும், காற்று கிடைக்கும். கூடவே வட பூமத்திய நீரோட்டமும் மேற்கே தள்ளிவிடும். அதற்கு அரை நாட் வலுவிருந்தால் நாளொன்றுக்கு 12 மைல் இனாம்.

தண்ணீருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர். இரண்டு பேர், 40 நாள், 240 லிட்டர். கால் டன் எடை! நான்கு டன் படகில் அது சின்ன விஷயமில்லை. வேகத்தையும் கொஞ்சம் தின்னும். பாதியைத் தொட்டியிலும் மீதியைப் பத்து லிட்டர் கேன்களிலும் பிரித்து வைக்கிறோம். தொட்டியில் கடல்நீர் புகுந்துவிட்டால் எல்லாம் போய்விடக் கூடாதல்லவா? கேன்களை விளிம்புவரை நிரப்புவதில்லை. நன்னீர் கடல்நீரைவிட இலேசானது. உள்ளே கொஞ்சம் காற்றும் இருந்தால், படகைக் கைவிட நேரும்போது கேன் தாராளமாக மிதக்கும். கரையோரப் பயணங்களில் 3 லிட்டரோடு வாழ்ந்து பார்த்தோம். குளியலும் பாத்திரம் கழுவுவதும் கடல்நீரில் என்றால் போதுமானதாகவே இருக்கிறது. சாதாரண சோப்பு கடல்நீரில் நுரைக்காது. பாத்திரம் கழுவும் திரவம் நுரைக்கிறது. தலைமுடிக்கும் அதுதான்.

மின்சாரக் கணக்குதான் திட்டத்தைத் தலைகீழாக்கியது. தானாகச் சுக்கான் பிடிக்கும் மின்கருவியான ஆட்டோபைலட் சராசரியாக 3 ஆம்பியர் இழுத்தால் நாளுக்கு 72 ஆம்பியர்-மணி. குளிர்பெட்டி 48. வரைபடக் கருவி, சுற்றியுள்ள கப்பல்களின் இடத்தை வானொலி வழியே காட்டும் ஏஐஎஸ், வானொலி சேர்த்து 24. பாய்மர உச்சி விளக்கு எல்இடி என்பதால் இரண்டோ மூன்றோதான். மொத்தம் 150க்கு அருகில். எங்களிடம் உள்ளவை 200 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரிகள். ஆயுளை நினைத்தால் அதில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. 100 வாட் சூரியத் தகடு ஒன்று, பாயின் நிழல் விழுந்தது போக, நாளுக்கு 25 முதல் 30 தருகிறது. இந்த வரவுக்கு அந்தச் செலவு கட்டாது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று குளிர்பெட்டியை இறக்கிவிட்டோம். ஆட்டோபைலட் அவசரத்துக்கு மட்டும். இப்போது தேவை 30க்குள் அடங்கிவிட்டது. தகடுகள் இரண்டு.

ஆட்டோபைலட்டின் இடத்துக்கு வந்திருப்பது விண்ட்வேன். சொட்டு மின்சாரமில்லாமல் படகை ஓட்டும் இந்தக் கருவியை ஜெஸ்டரில் பொருத்திப் பேரெடுத்தவரும் அதே ஹாஸ்லர்தான். பின்புறத்தில் மெல்லிய ஒட்டுப்பலகை அலகு ஒன்று காற்றுக்கு முனை காட்டி நிற்கிறது. படகு திசை மாறினால் காற்று அலகின் பக்கவாட்டில் அடித்து அதைச் சாய்க்கிறது. சாய்ந்த அலகு, நீருக்குள் தொங்கும் துடுப்பை இலேசாகத் திருப்புகிறது, அவ்வளவுதான். மீதி வேலையை ஓடும் நீர் செய்கிறது: திரும்பிய துடுப்பைப் பலமாக ஒரு பக்கம் தள்ள, அதில் கட்டிய கயிறுகள் சுக்கான் பிடியை இழுத்துப் படகைப் பழைய திசைக்குக் கொண்டுவருகின்றன. காற்று யோசிக்கிறது, நீர் உழைக்கிறது.

பக்கக் காற்றில் இது மனிதனைவிட ஒழுங்காக ஓட்டுகிறது. பின்காற்றில்தான் சோதனை. பின்னாலிருந்து 12 நாட் காற்று வீச, படகு 5 நாட்டில் போனால், அலகுக்கு எட்டுவது வெறும் 7 நாட். கருவி அரைத்தூக்கத்தில் இருப்பதுபோல் ஓட்டி, படகு பாம்பாக நெளிந்தது. மூன்று மாற்றங்கள் செய்தோம். இன்னும் மெல்லிய, உயரமான அலகு ஒன்று வெட்டினோம். சுக்கான் கயிறுகளின் தொய்வை முழுதாக எடுத்தோம். ஒரு விரற்கடைத் தொய்வுகூடத் திருத்தத்தைத் தாமதப்படுத்துகிறது. பெரிய பாயைச் சுருக்கி, முன்பாயைக் கழி கொடுத்து விரித்தோம். இழுவை படகின் முன்முனைக்குப் போனதும் நெளிவு பெருமளவு குறைந்துவிட்டது. உண்மையில் மூன்றாவதுதான் பலித்தது. முதல் இரண்டும் அதற்குத் துணை.

அந்தக் கழியின் நுனியில்தான் அடுத்த பாடம் காத்திருந்தது. ஓர் இரவு முழுக்க ஓடியபின் விடியலில் டார்ச் அடித்துப் பார்த்தால், கழி நுனியில் கயிற்றைக் கவ்வும் தாடைக்குள், பாயின் கயிறு உரசிய இடத்தில் இரண்டு விரல் நீளத்துக்கு மேலுறை பஞ்சாகப் பிரிந்திருந்தது. உள்ளிழை மட்டும் முழுசாக இருந்தது. ஒரே இரவுக்கு இது என்றால் 27 இரவுக்கு? வணிகக் காற்றில் படகு ஓயாமல் உருளும். ஒவ்வொரு உருளலிலும் கயிறு அதே இடத்தில் அரைபடும். இப்போது தாடைக்குள் வரும் பகுதிக்கு ரப்பர் குழாய் உறை. தவிர, நாள்தோறும் கயிற்றை ஒரு சாண் தளர்த்தியோ இழுத்தோ உரசும் இடத்தை மாற்றுவது என்று பணிப்பட்டியலில் சேர்த்தாயிற்று. பெரிய பாயின் கிடைக்கழி எதிர்ப்பக்கம் பாய்ந்துவிடாமல் முன்னோக்கிக் கட்டும் கயிற்றுக்கும் இதே வைத்தியம்.

காவல் முறைக்கு வருகிறேன். கடல்மோதல் தவிர்ப்பு விதிகளின் 5ஆம் விதி, எந்தக் கப்பலும் எந்நேரமும் கண்ணாலும் காதாலும் முறையான கண்காணிப்பு வைத்தாக வேண்டும் என்கிறது. 50 மீட்டருக்கு மேற்பட்ட கப்பலின் உச்சி விளக்கு குறைந்தது 6 மைலுக்குத் தெரிய வேண்டும். அது 18 நாட்டில் எதிரே வர, நாங்கள் 5 நாட்டில் போனால், இடைவெளி 23 நாட் வேகத்தில் சுருங்குகிறது. 6 மைல் கரைய 16 நிமிடத்துக்கும் குறைவு. எங்கள் அளவுப் படகின் பக்க விளக்குகளுக்கு விதி கேட்பது ஒரே ஒரு மைல். கப்பல்காரர் எங்களைக் காணும்போது மிஞ்சியிருப்பது மூன்று நிமிடம்கூட இல்லை. ஆகவே விலக வேண்டியவர்கள் நாங்கள்தான் என்ற எண்ணத்தோடு ஓட்டுகிறோம், உரிமை யார் பக்கம் இருந்தாலும். இரவில் மூன்று மணி நேரத்துக்கு ஒருவர். காவலில் இருப்பவர் கழுத்தில் 10 நிமிட அலாரம். அடித்தால் எழுந்து தொடுவானம் முழுவதையும் ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும். ஏஐஎஸ் பெரிய கப்பல்களைக் காட்டிவிடும், எல்லா மீன்பிடிப் படகுகளையும் காட்டாது.

பாதுகாப்புச் சாமான்களில் சொல்ல அதிகமில்லை: பதிவு செய்த 406 மெகாஹெர்ட்ஸ் அபாய ஒலிபரப்பி, உயிர்காப்புத் தெப்பம், ஆளுக்கொரு இடுப்புக் கயிறு. சூரியன், விண்மீன்களின் உயரத்தை அளந்து இடத்தைக் கணிக்க உதவும் செக்ஸ்டன்ட் எடுத்துப் போகிறோம். அதைவிட முக்கியமாக இரண்டு கைக்கடிகாரங்கள். நேரம் 4 விநாடி பிசகினால் தீர்க்கரேகை ஒரு கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) பிசகும்.

மிச்சமிருப்பது இரண்டு வேலை. புயலில் வேகத்தை அடக்கப் படகின் பின்னால் இழுத்துவிடும், துணிக் கூம்புகள் வரிசையாகக் கோத்த கயிற்றுக்கான எஃகுத் தகடுகளைப் பின்பக்க மூலைகளில் பொருத்த வேண்டும். படகில் ஏற்கெனவே உள்ள கயிறு கட்டும் கொக்கிகளை நம்ப எனக்கு மனமில்லை, அந்த இழுவை டன் கணக்கில் வரும். மற்றது, கேப் வெர்டேயின் மிண்டேலோவில் நிற்பதா என்பது. கானரியிலிருந்து சுமார் 850 மைல். அங்கே நின்று பார்ப்பது என்று பேசி முடித்திருக்கிறோம். அதுவரையிலான சராசரி நாளுக்கு 80க்குக் கீழே இருந்தால் கேன்களை நிரப்பிக்கொண்டு கணக்கை மறுபடி போடுவோம். 110க்கு மேல் இருந்தால், 40 நாள் சாமான் அதிகம் என்று தான் முணுமுணுத்தது சரி என்று நான் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது நண்பரின் நிபந்தனை. ஒப்புக்கொண்டாலும் தண்ணீரைக் குறைக்கமாட்டேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.