அணைத்து வைத்த பெடல் அடித்த விசில்

மூன்று வாரம் உயிரை வாங்கிய விசில் நேற்று ராத்திரி ஒருவழியாக அடங்கியது. சந்தோஷத்தில் பத்து நிமிடம் கிட்டாரைத் தொடவே இல்லை. ஆம்பின் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) வால்யூமை ஏற்றி வைத்துவிட்டு, அது சத்தம் போடாமல் இருப்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே வைத்து, காலால் மிதித்து ஒலியை மாற்றும் குட்டிப் பெட்டிதான் பெடல். என் பெடல் போர்டில் இரண்டு நான் செய்தவை. ஒன்று, பழைய ரேடியோவில் கழற்றிய இரண்டு ஏசி128 ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரை வைத்துக் கட்டிய, ஒலியைக் கரகரவென்று கிழிக்கும் ஃபஸ். மற்றது, ஒலியை மிதமாகக் கரகரக்க வைக்கும் ஓவர்டிரைவ், கிளான் என்ற பிரபல பெடலின் வகை. தனித்தனியாகப் போட்டால் இரண்டும் பரம சாது. ஒரே அடாப்டரில் சங்கிலியாக மாட்டி ஃபஸ்ஸை மிதித்தால் 'குய்ங்ங்' என்று விசில். ஓவர்டிரைவை அணைத்தாலும் நிற்கவில்லை. அதை ஃபஸ்ஸோடு இணைக்கும் பேட்ச் கேபிளை உருவி, கிட்டாரை நேரே ஃபஸ்ஸில் செருகினாலும் நிற்கவில்லை. ஒலி போகும் பாதையிலேயே இல்லாத பெடல் எப்படி ஐயா விசில் அடிக்கும்?

முதல் வாரம் முழுக்க வெட்டி வேலை. நாலு ஜாக்கைக் கழற்றி மறுபடி சால்டர் வைத்தேன், ஷீல்டு வயர் மாற்றினேன், ஃபஸ் பெட்டிக்குள் செப்புத் தாள் ஒட்டினேன். நண்பர் ஒருவர், "மூணு பின் பிளக்ல எர்த் காலை எடுத்துடுங்க, எல்லாம் சரியாயிடும்" என்றார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். ஆம்புக்குள் ஏதாவது பிய்த்துக்கொண்டு 230 வோல்ட் அதன் உலோகக் கூட்டைத் தொட்டால், அடுத்த நொடி அது நம் விரலுக்கடியில் இருக்கும் கம்பிக்கு வந்துவிடும். இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும்.

துப்பு கிடைத்தது டியூனரில். சும்மா ஒரு ஆர்வத்தில் விசிலை டியூனருக்குக் காட்டினேன். 'ஈ' சுரம் என்றது, கொஞ்சம் ஏற்றமாக. எந்த ஈ? முதல் கம்பியின் 24-ஆம் ஃபிரெட்டில் வரும் ஈ, சுமார் 1320 ஹெர்ட்ஸ். என் கிட்டாரில் 22 ஃபிரெட்தான் இருக்கிறது என்பது வேறு கதை. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அடாப்டரில் அது 100 ஆகி வந்தால் 'ஜி' சுரத்துக்குச் சற்று மேலே நிற்கும், நகரவும் நகராது. இதுவோ ஏசி போட்ட அரை மணியில் கால் சுரம் இடம் மாறியது. அறை குளிர்ந்தால் சுருதி மாறுகிறது என்றால் இது மின்வாரியத்தின் குற்றம் இல்லை. பெட்டிக்குள் ஏதோ ஒரு ஆஸிலேட்டர் (தானாகத் துடித்துக்கொண்டே இருக்கும் சர்க்யூட்) பாடுகிறது.

அங்கேதான் பொறி தட்டியது. ஏசி128 பிஎன்பி வகை, அதற்கு மைனஸ் 9 வோல்ட் வேண்டும். அதற்காக ஃபஸ்ஸில் ஒரு 7660 சார்ஜ் பம்ப் ஐசி வைத்திருந்தேன்; உள்ளே ஒரு ஆஸிலேட்டர் துடிக்க, அது வோல்ட்டேஜைத் தலைகீழாக்கவோ இரட்டிப்பாக்கவோ செய்யும். கிளானிலும் 9 வோல்ட்டை 18 ஆக்க அதே வகை ஐசி ஒன்று இருக்கிறது. ஃபுட் சுவிட்ச் சிக்னலைத்தான் அணைக்கும், இந்த ஐசியை அணைக்காது. டிசி ஒயர் செருகியிருக்கும் வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். ஓவர்டிரைவின் டிசி ஒயரைப் பிடுங்கினேன். விசில் போயே போய்விட்டது.

லேப்டாப்பில் ரெக்கார்ட் செய்து ஸ்பெக்ட்ரம் பார்த்தேன். ஃபஸ் மட்டும் ஓடும்போது 9640 ஹெர்ட்ஸில் ஒரு கோடு. ஓவர்டிரைவ் மட்டும் என்றால் 8310-இல் ஒரு கோடு. கிட்டார் ஸ்பீக்கர் 5000-க்கு மேல் பெரிதாக எதுவும் பாடாது, அதனால் தனித்தனியாக இரண்டும் காதில் விழவில்லை. சேர்ந்து அடாப்டர் வழியாக ஃபஸ்ஸுக்குள் போய், அது இரண்டையும் போட்டுப் பிசைந்ததும், வித்தியாசம் தனிச் சுரமாக வெளியே வருகிறது. கழித்துப் பாருங்கள், 1330. நம்ம ஈ!

சரி, நோய் தெரிந்துவிட்டது, மருந்து சுலபம் என்று நினைத்தேன். ஐசியின் ஒன்றாம் காலையும் எட்டாம் காலையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தால் ஆஸிலேட்டர் வேகம் கூடிக் காதுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விடும் என்று படித்திருந்தேன். இணைத்தேன். 9640 அசையவே இல்லை. இரண்டு நாள் கழித்துத்தான் டேட்டாஷீட்டை ஒழுங்காகப் படித்தேன்: சாதா 7660-இல் ஒன்றாம் கால் உள்ளே எதோடும் சேரவே இல்லை. பெயர்க் கடைசியில் 'எஸ்' போட்டதில்தான் அந்த வசதி உண்டு. நடுவில் '9 வோல்ட்' என்று எழுதியிருந்த ஒரு கிழட்டு அடாப்டரில் சோதித்து ஒரு ஐசியைக் கொன்றேன். லோடு இல்லாமல் அது 13 வோல்ட் கொடுத்தது. 7660 பத்து வரைதான் தாங்கும். சாக்கெட் போட்டிருந்ததால் பிழைத்தேன்.

அப்புறம் சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட். ஏழெட்டுக் கடை ஏறி இறங்கியதில் 7660-க்குப் பதிலாகப் போடக்கூடிய டிசி1044எஸ் ஐசி கிடைத்தது. இதில் ஒன்றாம் காலுக்கு நிஜமாகவே வேலை இருக்கிறது: 10 கிலோஹெர்ட்ஸ் 45 ஆகிறது. இரண்டு பெடலிலும் மாற்றினேன். விசில் முக்கால்வாசி போயிற்று. மிச்சத்துக்கு இரண்டிலும் டிசி ஜாக்கை ஒட்டி 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று தொடரில், அதன் பின்னால் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று கிரவுண்டுக்கு. 3 மில்லிஆம்ப் இழுக்கும் பெடலில் 0.3 வோல்ட்தான் நஷ்டம். எதிரொலி தரும் டிலே பெடலில் இதைப் போட்டுவிடாதீர்கள், அது இழுக்கும் கரண்டுக்கு வோல்ட்டேஜ் படுத்துவிடும்.

ஓவர்டிரைவுக்கு இன்னும் மூடி போடவில்லை, அந்தக் கெப்பாசிட்டர் அரை சென்டிமீட்டர் உயரம் அதிகம். படுக்க வைத்து மறுபடி சால்டர் பண்ண வேண்டும். அதற்குள் அடுத்த பெடலான ட்ரெமோலோவுக்கு சர்க்யூட் போர்டு வெட்டியாகிவிட்டது என்பதை வீட்டில் யாரும் கேட்கவில்லை.

மிச்சமிருப்பது கிட்டாரின் சிங்கிள் காயில் பிக்கப்பில் (கம்பி அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) விழும் ஒரு 'ஜ்ஜ்ஜ்'. அதன் பிறப்பிடம் ஃபேன் ரெகுலேட்டர். ரெண்டிலோ மூன்றிலோ வைத்தால் கத்துகிறது, முழு வேகத்தில் வைத்தால் அடங்குகிறது. முழு வேகத்தில் வைத்தால் மைக்கில் காற்று அடிக்கிறது.