விழுக்காடு இல்லாத பட்டியல்

2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் துளையிடு மேடை வெடித்து எண்ணெய் கசியத் தொடங்கியபோது, நான் லூசியானாவில் சுற்றுச்சூழல் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். துப்புரவுப் பணிக்குத் தங்கள் படகுகளுடன் சென்ற இறால் மீனவர்கள் சிலர், எண்ணெயைச் சிறு துளிகளாகச் சிதறடிக்க விமானத்திலிருந்து தெளிக்கப்படும் கோரெக்சிட் என்ற ரசாயனத்தில் என்னென்ன இருக்கின்றன என்று விசாரித்துச் சொல்லும்படி என்னிடம் கேட்டார்கள்.

முதலில், ஒரு ரசாயனத்தின் உட்பொருள்களையும் ஆபத்துகளையும் பட்டியலிடும் பாதுகாப்புத் தகவல் தாள்களை எடுத்துப் படித்தேன். தொடக்கத்தில் பயன்படுத்திய கோரெக்சிட் 9527-இன் தாளில் 2-பியூட்டாக்சிஎத்தனால் என்ற கரைப்பான் இருந்தது. அது அளவு மீறியோ திரும்பத் திரும்பவோ உடலில் சேர்ந்தால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையலாம், சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்படலாம் என்று அந்தத் தாளே எச்சரித்தது. அந்த ரசாயனத்தை அடையாளம் காட்டும் 111-76-2 என்ற பதிவெண்ணும் உடனிருந்ததால், அதைக் கொண்டு மேற்கொண்டு தேட முடிந்தது. பின்னர் பெருமளவில் கொட்டப்பட்ட மற்றொரு வகையான கோரெக்சிட் 9500-இன் தாளிலோ, 'கரிம சல்ஃபோனிக் அமில உப்பு' என்ற வரிக்கு நேரே, அளவு 10 முதல் 30 விழுக்காடு என்று இருந்ததே தவிர, பதிவெண் இருக்க வேண்டிய கட்டத்தில் 'வணிக உரிமைக்குட்பட்டது' என்று மட்டுமே எழுதியிருந்தது. போதாக்குறைக்கு, இந்தத் தயாரிப்பின் மீது நச்சுத்தன்மை ஆய்வு எதுவும் நடத்தப்படவில்லை என்றும் அதே தாள் கூறியது. பணியை மேற்பார்வையிட்ட ஒப்பந்தக்காரருக்கு எழுதிக் கேட்டேன். தகவல் தாளைப் பார்க்கவும் என்று பதில் வந்தது.

ஜூனில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை உட்பொருள்களின் பெயர்களை வெளியிட்டது. அந்த உப்பு டைஆக்டைல் சோடியம் சல்ஃபோசக்சினேட். மலமிளக்கி மருந்திலும் சேர்க்கப்படுவது. இதைக் கேட்டு மீனவர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் மாத்திரையாக விழுங்குவதும், பெட்ரோலியக் கரைப்பானோடு கலந்த நுண்துளியாகச் சுவாசிப்பதும் ஒன்றல்ல என்று விளக்க வேண்டியிருந்தது. அந்தப் பட்டியலில் எந்தப் பொருள் எத்தனை விழுக்காடு என்ற விவரம் இல்லை.

ஆகஸ்டில் முகமையின் சோதனை முடிவுகள் வந்தன. ரசாயனம் கலந்த எண்ணெய், வெறும் எண்ணெயைவிடப் பொதுவாக அதிக நச்சுடையதல்ல என்பது அவற்றின் சாரம். சோதிக்கப்பட்டவை சிறு இறாலினமும் சிறு மீனினமும். பார்க்கப்பட்டது சில நாள்களுக்குள் நேரும் இறப்பு. கடலியலாளருக்கு அது பயனுள்ள தரவுதான். சுமார் 18 லட்சம் கேலன் கொட்டப்பட்ட கடலில் வாரக்கணக்கில் வேலை செய்தவரின் நுரையீரலைப் பற்றி அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

ஆகவே நான் அவர்களுக்கு எழுதிக்கொடுத்த தாளில், தெரிந்தவற்றை ஒரு பக்கமும் இன்னும் தெரியாதவற்றை மறுபக்கமும் பிரித்து எழுதினேன். 9527 தெளித்த பகுதியில் இருந்தவர்கள், 2-பியூட்டாக்சிஎத்தனால் என்ற பெயரைப் பதிவெண்ணோடு மருத்துவரிடம் காட்டி, இரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதிக்கச் சொல்லுமாறு கீழே சேர்த்திருந்தேன்.