அறைக்குப் பழமைச் சாயல்: பதினொரு வாரக் குறிப்புகள்

முதல் வாரம்

உள்ளே வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராத ஓர் அறை வேண்டும். கொஞ்சம் பழைய காலத்துச் சாயலும் அதில் இருக்க வேண்டும். ஆசை இவ்வளவுதான். அதற்கு யோசனை தேடுகிறேன் என்று ஒரே வாரத்தில் 340 படங்களைச் சேமித்துவிட்டேன். சேமிக்கச் சேமிக்கக் குழப்பம்தான் கூடியது. ஒன்றில் செங்கல் சுவர், இன்னொன்றில் உத்தரம் தெரியும் மரக்கூரை, மற்றொன்றில் ஆளுயரக் கணப்பு. எங்கள் அறையில் இருப்பதோ நான்கு வெள்ளைச் சுவர்களும் உச்சியில் ஒரு குழல்விளக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அவற்றில் நாற்பதை மட்டும் பொறுக்கி அச்சிட்டேன். பாதி வழியில் வண்ண மை தீர்ந்து, மீதிப் படங்கள் கருப்பு வெள்ளையில் வந்தன. எரிச்சலோடுதான் அவற்றைத் தரையில் பரப்பினேன். பரப்பிய பிறகுதான் தெரிந்தது, உருப்படியாக எதையாவது சொன்னவை அந்தக் கருப்பு வெள்ளைப் படங்கள்தான். நிறம் போனதும் பொருள்கள் பின்னுக்குப் போய்விட்டன. வெளிச்சம் எங்கே விழுகிறது என்பது மட்டும் துலங்கியது. ஏறக்குறைய எல்லாப் படங்களிலும் அது மேசை உயரத்திலிருந்து வந்தது. மூலைகள் இருட்டாகவே விடப்பட்டிருந்தன. உச்சி விளக்கு எரியும் படம் நாற்பதில் நான்குகூட இல்லை.

மகளையும் உட்காரவைத்து ஒரு விளையாட்டு ஆடினேன். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் அதில் பிடித்தது எது என்று ஒரே ஒரு சொல் எழுத வேண்டும். 'அழகு', 'இதம்' என்றெல்லாம் எழுதக் கூடாது. கையால் தொட்டுக் காட்டக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் 'விளக்கு' பதினேழு, 'மரம்' பதினொன்று, 'துணி' ஆறு, மீதி ஆறும் உதிரி. நான் வாங்கத் துடித்துக்கொண்டிருந்த கிராமபோனும் தட்டச்சு இயந்திரமும் ஒரு தாளில்கூட இல்லை. "அப்படியென்றால் அது வேண்டாம்தானே அம்மா?" என்றாள். வேண்டாம்தான். ஒப்புக்கொள்ள இரண்டு நாள் ஆயிற்று.

இரண்டாம், மூன்றாம் வாரங்கள்: வெளிச்சம்

பல்பு அட்டையில் இருக்கும் எண்களை இதுவரை நான் படித்ததே இல்லை. அதில் கெல்வின் என்று இருப்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிறது. எண் ஏற ஏற நீலம் கூடும். இறங்க இறங்க மஞ்சளும் சிவப்பும் கூடும். மெழுகுவத்திச் சுடர் 1900 கெல்வினை ஒட்டியது, பழைய இழைப் பல்பு சுமார் 2700. எங்கள் குழல்விளக்கு 6500. மேகம் மூடிய பகல் வெளிச்சத்தை இரவு பத்து மணிக்கு வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். இதற்குக் கீழே எவ்வளவு பழைய நாற்காலியைப் போட்டாலும் அது மருத்துவமனைக் காத்திருப்பறை நாற்காலியாகத்தான் தெரியும்.

முதல் முயற்சி தோல்வி. கண்ணாடிக்குள் இழை சுருள்சுருளாகத் தெரியும் அந்த 'எடிசன்' பல்புகளில் இரண்டை வாங்கி, மூடி எதுவும் இல்லாமல் தொங்கவிட்டேன். எடிசன் தம் கரி இழை விளக்குக்குக் காப்புரிமை பெற்றது 1880-ல். இன்று அந்தப் பெயரில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை எல்.இ.டி. தான். பார்க்க அழகு, சந்தேகமில்லை. ஆனால் சோபாவில் உட்கார்ந்தால் இழை நேராகக் கண்ணைக் குத்தியது. பத்து நிமிடத்தில் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். படங்களில் அது நன்றாக இருப்பதற்குக் காரணம், கேமராவுக்குக் கண் கூசாது.

இரண்டாவது முயற்சி பலித்தது. 2700 கெல்வின், 470 லூமென் (வெளிச்சத்தின் அளவைச் சொல்லும் எண்) பல்புகள் மூன்று. பழைய கணக்கில் ஒவ்வொன்றும் 40 வாட் பல்புக்குச் சமம். ஒன்றைச் சோபாவின் பக்கத்து மேசையில் துணிக்கூண்டு போட்ட விளக்கில் வைத்தேன். ஒன்று புத்தக அலமாரியின் நடுத்தட்டில், புத்தகங்களுக்குப் பின்னால் மறைந்து சுவரை மட்டும் நனைக்கிறது. மூன்றாவது அறையின் எதிர்மூலையில், ஏறக்குறையத் தரையை ஒட்டி. மூன்றும் மூன்று உயரம். உச்சி விளக்கை அணைத்து இவற்றைப் போட்டதும் அறை சிறியதாகிவிட்டதுபோல் இருந்தது. அப்படிச் சுருங்கியதுதான் எனக்குப் பிடித்தது.

ஒரே நிற வெளிச்சம்தானே என்று முதலில் மலிவான பல்பு ஒன்றைப் போட்டிருந்தேன். அதன் கீழே மரச்சட்டம் செத்துப்போன சாம்பல் பழுப்பாகத் தெரிந்தது. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கும் அட்டையில் ஓர் எண் உண்டு, சி.ஆர்.ஐ. என்பார்கள், உச்சம் 100. 80 அளவில் நிற்கும் எல்.இ.டி. பல்புகள் பலவற்றில் சிவப்பு சோகைபிடித்ததுபோல் வரும். தேக்கு, பித்தளை, தோல் எல்லாமே சிவப்பை நம்பிப் பிழைப்பவை. 90-க்கு மேற்பட்டதாக மாற்றினேன். மரத்துக்கு உயிர் வந்தது.

நான்காம் வாரம்: இழுப்பறைப் பெட்டி

வீட்டின் பின்னறையில் மடித்த துணிகளுக்கு அடியில் பல வருடமாகக் கிடந்த நான்கு இழுப்பறைப் பெட்டி ஒன்று உண்டு. மேல்பலகையில் டம்ளர் வைத்த வெள்ளை வளையங்கள் மூன்று. இரண்டாவது இழுப்பறை பாதியில் சிக்கும். தூக்கிப்போடத்தான் இருந்தேன், 'மரம்' பதினொன்று வாங்கியதால் அதற்கு ஆயுள் நீண்டது.

முதலில் அதற்கு வயது என்ன என்று பார்க்க ஆசை. இழுப்பறையை உருவி, முகப்பும் பக்கப்பலகையும் சேரும் இடத்தைப் பார்த்தேன். புறாவின் வால்போல் விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோத்திருந்தன. ஒரு பல் அகலம், அடுத்தது ஒடுக்கம், ஓரத்தில் உளிக்கு முன் தச்சர் கீறிய கோடு. இயந்திரம் வெட்டியிருந்தால் எல்லாப் பற்களும் ஒரே அளவில் இருக்கும், இது கைவேலை. கைப்பிடிகளில் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். ஏழில் ஒட்டவில்லை, எட்டாவதில் ஒட்டியது. ஏழும் முழுப் பித்தளை, எட்டாவது பித்தளைப் பூச்சுப் போட்ட இரும்பு. அதைப் பிடித்திருந்த திருகின் தலையிலும் கூட்டல் குறி வெட்டு. அந்த வகைத் திருகு புழக்கத்துக்கு வந்ததே 1930-களில்தான். மற்ற ஏழிலும் ஒற்றைக் கோட்டு வெட்டு. யாரோ எப்போதோ ஒரு கைப்பிடியைத் தொலைத்திருக்கிறார்கள். அந்த யாரோ நானாகவும் இருக்கலாம்.

பின்பலகையில் குண்டூசித் தலை அளவில் துளைகள். மர வண்டு. பயந்துபோய், பெட்டிக்கு அடியில் கருப்புத் தாளை விரித்து இரண்டு வாரம் விட்டேன். புதிதாக மரத்தூள் உதிர்ந்தால் உள்ளே இன்னும் குடியிருக்கிறது என்று பொருள். தாள் சுத்தமாகவே இருந்தது. பழைய கதை.

ஆறாம் வாரம்: அதே பெட்டி

மேல்பூச்சு என்னவென்று தெரியாமல் எதையும் தேய்க்கக் கூடாது என்ற புத்தி நல்லவேளையாக இருந்தது. பின்புறம் கண்ணில் படாத இடத்தில் பஞ்சால் ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டுவைத்தேன். ஒரு நிமிடத்தில் விரலில் பிசுபிசுத்தது. அப்படியென்றால் அரக்குப் பூச்சு. பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பூச்சாக இருந்தால் அசைந்தே கொடுத்திருக்காது. அரக்கு என்பது ஒரு சின்னப் பூச்சி மரக்கிளையில் சுரந்து வைப்பது. அது ஸ்பிரிட்டில் கரையும், ஈரத்துக்கு வெளுக்கும். அந்த வெள்ளை வளையங்கள் பூச்சுக்குள் சிக்கிய ஈரம்தான், மரம்வரை போகவில்லை. துணியில் ஸ்பிரிட் தொட்டு, கையிலேயே ஈரம் தெரியாத அளவுக்குப் பிழிந்து, வளையத்தின்மேல் விமானம் இறங்கி ஏறுவதுபோல் ஒரு வீச்சு. நிறுத்தினால் துணி ஒட்டிக்கொண்டு பூச்சையும் உரித்துவரும். ஐந்தாறு வீச்சில் முதல் வளையம் மங்கியது, ஒரு மணி நேரத்தில் இரண்டு மறைந்தன. மூன்றாவதில் பேராசைப்பட்டு ஒரு நொடி நின்றுவிட்டேன். என் பெருவிரல் அளவுக்கு அங்கே ஒரு தழும்பு. அதன்மேல் இப்போது விளக்கு நிற்கிறது.

மெழுகு நானே காய்ச்சினேன். தேன்மெழுகு 62 பாகைக்கு மேல் உருகிவிடும், ஆகவே வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்தாலே போதும். உருகியதும் அடுப்பை அணைத்து, பாத்திரத்தை வெளியே கொண்டுபோய், அங்கேதான் டர்பன்டைன் ஊற்றினேன். அதன் ஆவி தீயைக் கண்டால் சும்மா இருக்காது. உட்புறப் பலகைகளுக்கு ஆளிவிதை எண்ணெய். இதில் ஓர் எச்சரிக்கை: அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் அது வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பிடித்துவிடும். நான் வெளியே தனித்தனியாக விரித்துக் காயவைத்தேன்.

பித்தளைக் கைப்பிடிகளைப் பளபளவென்று தேய்க்கத் தொடங்கி ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். மெருகேறிய அந்த ஒன்று வரிசையில் தங்கப் பல்போல் இளித்தது. மற்றவற்றைச் சோப்புத் தண்ணீரில் கழுவியதோடு சரி.

ஏழாம் வாரம்: செய்து பார்த்துக் கைவிட்டவை

புதிதாக வாங்கிய நாற்காலி ஒன்றுக்கு வெளிர்நீலம் அடித்து, காய்ந்ததும் உப்புத்தாளால் அங்கங்கே தேய்த்துத் 'தேய்மானம்' வரவழைத்தேன். பொய் என்று பார்த்தவுடன் தெரிந்தது. ஏன் என்று பெட்டிக்கு எதிரில் அதை வைத்துப் பார்த்தபோது புரிந்தது. பெட்டியில் தேய்ந்திருப்பது கை படும் இடங்கள் மட்டும்: இழுப்பறையின் மேல்விளிம்பு, கைப்பிடியைச் சுற்றி ஒரு நிழல், காலில் துடைப்பம் மோதும் உயரம். நான் தேய்த்திருந்தவையோ நாற்காலிக் கால்களுக்கு நடுவில், யார் கையும் எப்போதும் போகாத இடங்கள். மறுபடி நீலம் அடித்துவிட்டேன். தேய்வதானால் அதுவே தேயட்டும்.

பழைய வெள்ளைச் சட்டம் ஒன்றையும் சுரண்டத் தொடங்கி உடனே நிறுத்தினேன். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில்கூட வீட்டுப் பெயின்ட்டில் அதற்குத் தடை வந்தது 1978-ல்தான். உலர்வாகத் தேய்த்தால் தூசி மூச்சில் போகும். அப்படியே மேலே புதுப் பூச்சு அடித்து மூடினேன்.

தேயிலைச் சாயமும் போட்டுப் பார்த்தேன். பருத்தி மேசைவிரிப்பு அருமையான பாலாடை நிறத்துக்கு வந்தது. பாலியெஸ்டர் கலந்த திரைச்சீலை சாயத்தை வாங்கவே இல்லை, தையல் நூல் மட்டும் பழுத்தது. துணியைச் சாயத்தில் போடுமுன் முழுக்க நனைக்க வேண்டும்; இல்லாவிட்டால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். எங்கள் தலையணை உறையைப் பார்த்தவர்கள் "தேநீர் கொட்டிவிட்டதா?" என்று கேட்கிறார்கள். உண்மைதானே.

ஒன்பதாம் வாரம்: சுவர்

மாட்டவிருந்த படச்சட்டங்களின் அளவுக்குச் செய்தித்தாளை வெட்டி முதலில் சுவரில் ஒட்டி, நான்கு நாள் அதோடு வாழ்ந்தோம். தொகுப்பின் நடு தரையிலிருந்து 145 சென்டிமீட்டர், ஏறக்குறையக் கண்ணின் உயரம். ஆணி அடித்தபோது ஒரு துளைகூட வீணாகவில்லை.

இழுப்பறைகளின் உள்ளே விரிக்க, ஆங்கிலேய வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ் 1862-ல் வரைந்த சுவர்த்தாள் வடிவத்தை அச்சிட்டுக்கொண்டேன்: பந்தல் சட்டத்தில் ரோஜாக்கொடி, நடுவே பறவைகள். பறவைகளை வரைந்தவர் அவருடைய நண்பர் பிலிப் வெப். அந்தத் தாளின் தொடக்ககாலப் பிரதி ஒன்றைப் பிற்பாடு சோதித்தபோது பச்சை நிறத்தில் ஆர்செனிக் இருந்தது தெரியவந்தது. அசலே வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன். என் மைப்பெட்டிப் பச்சை எனக்குப் போதும்.

பதினொன்றாம் வாரம்

இரண்டாவது இழுப்பறை சிக்குவது மட்டும் பாக்கி இருந்தது. ஓரங்களில் மெழுகுவத்தி தேய்த்தேன், சரியாகவில்லை. மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்று முடிவுகட்டி, பக்கப்பலகையை உப்புத்தாளால் அரை மணி நேரம் இழைத்தேன். இப்போது வழுக்கிக்கொண்டு போனது. வெற்றிப் பெருமிதத்தோடு தாள் விரிப்பதற்காக நான்கையும் தரையில் கவிழ்த்துவைத்திருந்தபோது மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, இதில் எண் போட்டிருக்கிறது."

அடிப்பலகையின் மூலையில் பென்சிலால், கொஞ்சம் சாய்ந்த கையெழுத்தில் 1, 2, 3, 4. ஒவ்வோர் இழுப்பறையையும் அதனதன் பொந்துக்கு ஏற்பச் செதுக்கிய தச்சர், இடம் மாறிவிடக் கூடாதே என்று எழுதிவைத்தது. இரண்டாவது பொந்தில் நான் இழைத்து வழுக்கவிட்டது 3. மூன்றாவதில் இருந்தது 2. எத்தனை வருடமாக இப்படி இருந்ததோ.

மாற்றிப் போட்டோம். 2 உள்ளே போகும்போது பொந்திலிருந்த காற்று பெருமூச்சுபோல் மெல்ல வெளியேறியது, அவ்வளவு கச்சிதம். 3 மட்டும் அதன் சொந்த இடத்தில் பக்கத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் ஆடுகிறது. என் உப்புத்தாளின் வேலை. ஒரு மெல்லிய மரச்சீவலைப் பசை வைத்து ஒட்டியிருக்கிறேன், நாளைக் காலைவரை தொடக் கூடாது.