வெல்டிங் சர்க்யூட் ரெசிஸ்டன்ஸ்: வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) போகும் வெல்டர் டிரேடு நண்பர்களுக்கு

ஐ.டி.ஐ. ரிசல்ட் வந்து மனசு லேசாகிவிட்டது. அடுத்த பேட்ச்சுக்கு ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: வெல்டிங் கேபிளின் ரெசிஸ்டன்ஸை மல்டிமீட்டரின் ஓம்ஸ் ரேஞ்சில் அளக்காதீர்கள். பீட், அண்டர்கட், போலாரிட்டி எல்லாம் எல்லோரும் படித்துவிட்டுத்தான் வருவீர்கள். மார்க் நழுவுவது இங்கேதான்.

காரணம் கணக்கிலேயே தெரியும். 50 சதுர மி.மீ. காப்பர் கேபிள், ஹோல்டர் (எலக்ட்ரோடைப் பிடிப்பது) பக்கம் 15 மீட்டர், எர்த் (ஜாப்பிலிருந்து, அதாவது வெல்டு போடும் பொருளிலிருந்து, மெஷினுக்குத் திரும்புவது) பக்கம் 15 மீட்டர். காப்பரின் ரெசிஸ்டிவிட்டியான 0.0172-ஐ (1 சதுர மி.மீ. கம்பியில் மீட்டருக்கு இத்தனை ஓம்) மொத்த நீளம் 30-ஆல் பெருக்கி, குறுக்குப் பரப்பு 50-ஆல் வகுத்தால் சுமார் 0.0103 ஓம், அதாவது 10 மில்லி ஓம். சாதாரண மீட்டரின் 200 ஓம் ரேஞ்சில் கடைசி இலக்கமே 0.1 ஓம். புரோப் ஒயரின் ரெசிஸ்டன்ஸே கேபிளைவிடப் பல மடங்கு. இணைப்பு இருந்தால் மீட்டர் அடிக்கும் கன்டினியூட்டி பீப்பையும் நம்ப வேண்டாம். பாதி இழை அறுந்த கேபிளுக்கும் அது அடிக்கும்.

சரியான வழி வோல்டேஜ் டிராப். கரன்ட் ஓடும்போது இரு முனைக்கு நடுவே வோல்ட்டை அளந்து, ஆம்பால் வகுக்க வேண்டும். மேலே சொன்ன கேபிளில் 200 ஆம்ப் ஓடினால் மொத்தம் 2 வோல்ட் அளவு விழும். 35 சதுர மி.மீ. என்றால் 3 வோல்ட்டை நெருங்கும்.

செய்முறை:
- ரெக்டிஃபையர் (டிசி கரன்ட் தரும் மெஷின்) என்றால் டிசி ரேஞ்ச். ஆம்பை அளக்கக் கேபிளைச் சுற்றி மாட்டும் கிளாம்ப் மீட்டரும் டிசி அளப்பதாக இருக்க வேண்டும். ஏசிக்கு மட்டுமான கிளாம்ப் மீட்டர் இங்கே உதவாது.
- ஒருவர் வெல்டு போட, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். ஆர்க் நிலையானபின் இரண்டு ரீடிங்கையும் ஒரே நேரத்தில் எடுங்கள்.
- ஒரு புரோப் மெஷினின் ஸ்டட்டில் (கேபிள் மாட்டும் போல்ட்), லக்கில் (கேபிள் முனையின் உலோக வளையம்) அல்ல. மற்றது ஹோல்டரின் தாடையில். எட்டாவிட்டால் மெல்லிய ஒயரை நீட்டிக்கொள்ளலாம். மீட்டருக்குள் போகும் கரன்ட் மிகக் குறைவு என்பதால் அந்த ஒயரில் டிராப் விழாது.
- எர்த் பக்கம்: ஜாப்பிலிருந்து மெஷினின் மற்ற ஸ்டட் வரை.
- டிக் (TIG) மெஷினில் ஹை ஃப்ரீக்வன்சி ஸ்டார்ட் (தொடாமலே ஆர்க் பற்றவைக்கும் உயர் வோல்டேஜ்) இருந்தால் அதை அணைக்காமல் மீட்டரைத் தொடுக்கக் கூடாது. மீட்டர் போய்விடும்.

டிராப் அதிகமாக வந்தால் துண்டு துண்டாகப் பிரித்து அளங்கள்: ஸ்டட்டுக்கும் லக்குக்கும், லக்குக்கும் கேபிளுக்கும், கிளாம்ப்புக்கும் ஜாப்புக்கும். பெரும்பாலும் எர்த் கிளாம்ப்தான் மாட்டும். அங்கே மட்டும் 1 வோல்ட் விழுந்தால் 200 ஆம்ப்பில் 5 மில்லி ஓம். 200 வாட் சூடு அந்த ஒரே இடத்தில். கிளாம்ப் பல்லுக்கு அடியில் பெயின்ட் அல்லது துரு இருக்கும், லக்கின் வாயில் பச்சை படிந்திருக்கும், பக்கத்து ரப்பர் விறைத்து வெடித்திருக்கும். ஜாப்பைப் பளிச்சென்று கிரைண்ட் செய்து, லக் போல்ட்டை இறுக்கி மறுபடி அளந்தால் ரீடிங் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். ஹோல்டர் கைப்பிடி அருகே கேபிளை மடக்கும்போது ரீடிங் துள்ளினால் உள்ளே இழை அறுந்திருக்கிறது.

டிரான்ஸ்ஃபார்மர் செட் (ஏசி கரன்ட் தரும் மெஷின்) கொடுத்தால் கவனம். ஏசியில் வோல்ட்டை ஆம்பால் வகுத்தால் வருவது வெறும் ரெசிஸ்டன்ஸ் அல்ல, இம்பிடன்ஸ் (ரெசிஸ்டன்ஸோடு கேபிளின் இன்டக்டன்ஸ் தரும் தடையும் சேர்ந்தது). கேபிள் சுருட்டிக் கிடந்தால் அது இன்னும் ஏறும். கேபிளை விரித்துப் போட்டு அளந்தேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், மார்க் உண்டு.

இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் கேட்டால் அது வேறு கதை: சப்ளையைக் கழற்றிவிட்டு 500 வோல்ட் டிசி மெக்கரால் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) அளக்க வேண்டும். சப்ளை பக்கத்துக்கும் வெல்டிங் பக்கத்துக்கும் நடுவே குறைந்தது 5 மெகா ஓம், வெல்டிங் பக்கத்துக்கும் பாடிக்கும் 2.5 மெகா ஓம். இன்வெர்ட்டர் மெஷின் என்றால் மேனுவலைப் பார்க்காமல் மெக்கரை வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் அடிபடும்.