வயது பொய் சொல்லும், வரிசை சொல்லாது

முன்னோரைத் தேடும்போது பழைய பதிவேட்டிலுள்ள வயதை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு எழுத்தர் உத்தேசமாக வயது போட்ட காலத்தில், 30, 35, 40 என்று 0 அல்லது 5-இல் முடியும் வயதுகளே மிகுதி. உறவினர் நினைவு வேறு வகை. பெரியவர்களிடம் ஆண்டைக் கேட்டால் விழிப்பார்கள், "உங்க கடைசித் தம்பி பிறந்தப்ப தாத்தா இருந்தாரா?" என்று கேட்டால் சட்டென்று பதில் வரும். யார் முன், யார் பின் என்பதை மனம் எளிதில் விடுவதில்லை.

கடல் கடந்த கிளை இருந்தால் கப்பல் பட்டியல்கள் கைகொடுக்கும். சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்த 'ட்ரூரோ' தொடங்கி, அங்கே ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிச்சென்ற கப்பல்களின் பட்டியல்களில் பெயர், வயது, ஊர் ஆகியவற்றோடு பலருக்கு உடலிலுள்ள தழும்புகூடக் குறிக்கப்பட்டிருக்கிறது.

பெண்வழியைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. கொள்ளுப்பாட்டியை எல்லோரும் இன்னாரின் மனைவி என்றே சொல்கிறார்கள். பிறந்த வீடு எது என்றால் பேச்சு நின்றுவிடுகிறது. ஆகவே பழைய கிரயப் பத்திரம் கிடைத்தால், சொத்து விவரத்தை விட்டுவிட்டு சாட்சிக் கையெழுத்துகளைத்தான் முதலில் பார்க்கிறேன். மைத்துனர்கள் பெரும்பாலும் அங்கேதான் அகப்படுகிறார்கள்.