ஸ்கீம் ரோடு என்று சொல்லி நிறுத்தி வைத்த எங்கள் மனை

அப்பா 1993-ல் வாங்கிய ஆறு சென்ட் இடம். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எதிலும் குறையில்லை. 2019-ல் வீடு கட்ட அனுமதி கேட்டபோது மனு திரும்பி வந்தது, உங்கள் மனை விரிவான வளர்ச்சித் திட்டத்தில் 60 அடி சாலைக்குள் வருகிறது என்று ஒரே வரியில். திட்ட வரைபடத்தில் கோடாகப் போட்டு வைத்திருக்கும் சாலை, ஊர்ப்பேச்சில் சொன்னால் ஸ்கீம் ரோடு. தரையில் சாலையும் இல்லை, சாலை வரப்போகிறது என்று ஒரு கல்கூட நடவில்லை. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் தெரியும், இந்தக் கோடெல்லாம் தெரியாது. இடம் வாங்குகிறவர்கள் இதைத் தனியாக விசாரிக்க வேண்டும்.

"கவர்மென்ட் போட்ட கோட்டை நாம அழிக்க முடியுமாம்மா?" என்று அப்பா விட்டுவிட்டார். நிலத்தை எடுத்துக்கொண்டு பணத்தையாவது கொடுங்கள் என்று நான் இரண்டு வருடம் அலைந்தேன். நிதி இல்லை என்றார்கள். கட்டவும் விடமாட்டார்கள், வாங்கவும் மாட்டார்கள், விற்கலாம் என்றால் கேட்க ஆள் வராது.

அப்புறம்தான் ஒரு வக்கீலிடம் போனோம். அவர் பத்திரத்தைத் தொடக்கூட இல்லை, "திட்ட அறிவிப்பு அரசிதழில் வந்த தேதி என்ன?" என்றுதான் கேட்டார். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ல் 38-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. திட்டத்தில் சாலை, பூங்கா என்று ஒதுக்கிய நிலத்தை, அந்த அறிவிப்பு வந்து 3 வருடத்துக்குள் அரசு ஒப்பந்தம் போட்டு வாங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் கையகப்படுத்த 37(2) பிரிவின் கீழ் அறிவிக்கை வெளியிட்டிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லையா, நிலம் அந்த ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகவே சட்டம் கருதும். யாரும் தனியாக உத்தரவு போட்டு விடுவிக்க வேண்டியதில்லை. இதைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது, ஏனென்றால் இதை எங்களிடம் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்றே கேள்வி கேட்டேன்: அரசிதழ் தேதி, 37(2) அறிவிக்கை உண்டா, ஒப்பந்தம் உண்டா. அறிவிப்பு 1996-ல் வந்தது, மற்ற இரண்டும் இல்லை என்று பதில் வந்தது. வழக்கே இந்த ஒரு தாளில்தான் நின்றது. அதை இணைத்து, 38-வது பிரிவைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, பதிவுத் தபாலில் மனு அனுப்பினோம். பதில் இல்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் வழக்கு போட்டோம்.

முதல் உத்தரவு வந்ததும் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். இல்லை. மனுவைப் பரிசீலித்து 8 வாரத்தில் முடிவெடுக்கவும் என்பதுதான் அதில் இருந்தது. பரிசீலித்தார்கள், திட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது என்று நிராகரித்தார்கள். ஆனால் 38-ஐப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை கிடையாது. இந்த முறை அந்த நிராகரிப்பை ரத்து செய்து அனுமதி கொடுக்க உத்தரவிடுங்கள் என்று இரண்டாவது ரிட். நம் ஹைகோர்ட்டில் இதற்கு சர்ஷியோரரிஃபைடு மாண்டமஸ் என்று பெயர்.

வழக்கு நடக்கும்போதே, 2024 மே மாதம், கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அரசியலமைப்பின் 300ஏ பிரிவு தரும் சொத்துரிமைக்குள் ஏழு உரிமைகள் அடக்கம் என்றது, முன்னறிவிப்பு, நம் தரப்பைக் கேட்பது, நியாயமான இழப்பீடு எல்லாம் அதில் வருகிறது. எங்கள் வக்கீல் அதையும் வைத்தார். ஆனால் நீதிபதி எதிர்த்தரப்பிடம் கேட்டது ஒன்றைத்தான்: 37(2) அறிவிக்கை இருக்கிறதா? இல்லை என்றார்கள். அந்த விசாரணை பத்து நிமிடம்கூட நடக்கவில்லை. நிராகரிப்பு ரத்தானது.

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். சாலை தேவையா, எந்த வழியாகப் போக வேண்டும் என்பதற்குள் கோர்ட் போகவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தோற்றிருப்போம் என்றே நினைக்கிறேன். அடுத்தது, மனைப்பிரிவு அனுமதி வாங்கும்போது லேஅவுட் போட்டவரே விட்ட பூங்கா, சாலை இடத்துக்கு இதே வாதம் செல்லும் என்று நம்பி இறங்காதீர்கள். அது வேறு கணக்கு, முதலில் உங்கள் இடம் எதில் வருகிறது என்று பாருங்கள்.

போன மாதம் அனுமதி கைக்கு வந்தது. அதே கோடு பக்கத்து மூன்று மனைகளிலும் ஓடுகிறது. அந்தக் குடும்பங்களுக்கு என் தகவல் உரிமைப் பதிலை நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், அப்பாதான் வீடு வீடாகப் போய்க் கொடுத்தார்.