60 கிராம் வறுத்த பார்லி

பிப்ரவரி 3

அத்தானின் ரத்த ரிப்போர்ட் வியாழக்கிழமைதான் வருமாம். அக்கா சொல்லும்போது குரலில் ஒன்றும் தெரியவில்லை. தெரியாமல் பார்த்துக்கொள்கிறாள்.

கைக்கு ஏதாவது வேலை வேண்டும். ரெட் ஏல் போடுகிறேன், சிவப்பு பீர். "வீட்டில் போட்டால் சிவப்பு வராதுடா, பழுப்புதான் வரும்" என்று அத்தான் எப்போதும் சொல்வார். பார்த்துவிடலாம்.

பிப்ரவரி 4

20 லிட்டருக்குக் கணக்கு. அடிப்படைக்கு மேரிஸ் ஆட்டர் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) 3.6 கிலோ, அதில் யோசிக்க ஒன்றுமில்லை. 1960-களில் வந்த பார்லி ரகம். விளைச்சலில் புது ரகங்கள் முந்திப் போன பிறகும் பீர் போடுகிறவர்கள் அதை விடவில்லை. மியூனிக் மால்ட் 200 கிராம், கொஞ்சம் ரொட்டி மணத்துக்கு.

தலைவலி மீதியில்தான். கிரிஸ்டல் மால்ட் கால் கிலோ, சரி. எது? நிற அளவில் 40 லோவிபாண்டா, 60-ஆ, 120-ஆ? கிரிஸ்டல் செய்யும்போது ஈரத்தோடு சூடாக்குகிறார்கள். உமிக்குள்ளேயே மாவுச்சத்து சர்க்கரையாகி, வறுபடும்போது இறுகிவிடுகிறது. அதில் ஒரு பங்கை ஈஸ்ட்டால் தின்ன முடியாது. ஏலில் இனிப்பும் கனமும் தங்குவது அதனால்தான். 120 போட்டால் நிறம் மளமளவென்று ஏறும், ஆனால் உலர்திராட்சை வாசனையும் கூடவே வரும். அது வேறு பீர். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் போடலாமே என்று கை துறுதுறுக்கிறது. அப்படிக் கலக்கிற இடத்தில்தான் பழுப்பு உள்ளே வருகிறது என்பது என் எண்ணம். 60 மட்டும்.

சும்மா இருக்காமல் ஒவ்வொன்றாக மென்று பார்த்தேன். மேரிஸ் ஆட்டர் மாவாகக் கரைந்து கடைசியில் லேசாக இனித்தது. கிரிஸ்டல் பல்லில் பட்டதும் கண்ணாடி மாதிரி உடைந்தது, உள்ளே டாஃபி. வறுத்த பார்லி கசப்புக் காப்பி, அப்புறம் சாம்பல். நாக்கிலிருந்து போக நேரமாயிற்று.

அந்தச் சாம்பல்தான் சிவப்பைக் கொண்டுவரப் போகிறது. கிரிஸ்டலை மட்டும் நம்பினால் பீரின் நிறக் கணக்கு 8 எஸ்ஆர்எம்மில் நிற்கிறது. அது ஆம்பர், தேன் நிறம். 60 கிராம் வறுத்த பார்லி சேர்த்தால் 13. 100 கிராம் என்றால் 16, அது பழுப்பு, அத்தான் ஜெயித்துவிடுவார். நாலு கிலோவுக்கு மேல் தானியம், அதில் ஒரு கைப்பிடிகூடத் தேறாத ஒன்று எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

பிப்ரவரி 5

வியாழன். வரவில்லை.

பிப்ரவரி 6

வெள்ளிக்கிழமையும் போயிற்று. லேப்பில் ஆள் இல்லையாம். திங்கள் என்கிறார்கள். திங்கள் என்று யார் சொன்னது, எந்தத் திங்கள் என்று கேட்டால் அக்காவுக்குக் கோபம் வருகிறது.

ராத்திரி தூக்கம் வராமல் லோவிபாண்டைப் பற்றிப் படித்தேன். பீர் தயாரித்த ஆங்கிலேயர். பீரின் நிறத்தை அளக்க வண்ணக் கண்ணாடித் தகடுகளை அடுக்கி, அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு கருவியைச் செய்தார். 1880-களில். இன்றைக்கும் மால்ட் மூட்டையில் அவர் பெயர்தான் எண்ணோடு நிற்கிறது. எவ்வளவு சிவப்பு என்று கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார், மனுஷன். ரத்தத்தைப் பார்த்துச் சொல்ல இவர்களுக்கு இத்தனை நாள்.

பிப்ரவரி 7

வறுத்த பார்லி 60-ஆ, 45-ஆ? 45 என்றால் 12 எஸ்ஆர்எம். ரெட் எக்ஸ் என்று ஒரு மால்ட் இருக்கிறது, அதை மட்டும் போட்டாலே சிவக்கும். அப்படி வந்த சிவப்பை நான் செய்தேன் என்று சொல்ல எனக்கு மனசு வராது. 60.

பிப்ரவரி 8

காய்ச்சியாயிற்று. முதுகு விட்டுப்போச்சு.

மேஷ், அதாவது தானியத்தை வெந்நீரில் ஊறவைப்பது, 67 டிகிரியில் ஒரு மணி நேரம். இன்னும் கீழே இறக்கினால் ஈஸ்ட் எல்லாவற்றையும் தின்று ஏல் வறண்டுவிடும், மேலே போனால் திகட்டும். வறுத்த பார்லியை முதலில் சேர்க்கவில்லை. தனியாகப் பொடி செய்து, கடைசிப் பத்து நிமிஷத்தில் மேலே தூவினேன். நிறம் இறங்கட்டும், அந்தச் சாம்பல் கசப்பு இறங்க வேண்டாம். தூவிய இடத்தில் கருப்பாகப் படர்ந்தது, கிளறியதும் காணோம். வடித்து எடுத்த இனிப்புச் சாறு, வோர்ட், அண்டாவில் கோலா நிறத்தில் நின்றது. கரண்டியில் மொண்டு ஜன்னல் பக்கம் சாய்த்தேன். கரண்டியின் விளிம்பில், திரவம் மெல்லிசாக இருக்கிற அந்த ஓரத்தில் மட்டும், சிவப்பு.

கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூ, 'ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ்' என்ற ரகம், 40 கிராம், ஒரு மணி நேரக் கொதி. ஹாப்ஸ் விஷயத்தில் எனக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை, இனிப்பைப் பிடித்து நிறுத்தினால் போதும். கிரவிட்டி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, 1.044.

பிப்ரவரி 9

ஏர்லாக், காற்றை வெளியே மட்டும் விடும் மூடி, குமிழி விட ஆரம்பித்துவிட்டது. 19 டிகிரி. ரிப்போர்ட் இன்று.

பிப்ரவரி 9, இரவு

வந்தது. இன்னொரு டெஸ்ட் எடுக்கணுமாம்.

பிப்ரவரி 12

கார்பாய், பீர் புளிக்கிற பெரிய ஜாடி, சேற்று நிறத்தில் இருக்கிறது. ஈஸ்ட் மிதக்கிறது, 20 லிட்டர் கனத்துக்கு எதுவும் கருப்பாகத்தான் தெரியும், எல்லாம் தெரியும். தெரிந்தும் டார்ச் அடித்து அடித்துப் பார்க்கிறேன். 60 அதிகமோ? 45-தான் சரியோ?

அத்தானே போன் செய்தார். டெஸ்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "என்ன கலர்டா?" என்றார். இன்னும் தெளியவில்லை என்றேன். "பழுப்பு" என்று சிரித்தார். மூச்சு வாங்கியது.

பிப்ரவரி 15

எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 19

கிரவிட்டி 1.012. நேற்றும் அதேதான், ஆக முடிந்துவிட்டது. ஆல்கஹால் 4.2 சதவீதம் வரும்.

ஹைட்ரோமீட்டர் ஜாடியில் எடுத்ததைக் குடித்தேன். தட்டையாக இருந்தாலும் டாஃபி முன்னால் வருகிறது, முடிவில் உலர்ந்த ஒரு வறுவல் வாசனை, அவ்வளவுதான், சாம்பல் இல்லை. நிறத்தை மட்டும் சொல்ல மாட்டேன். இன்னும் கலங்கல்.

அக்கா இரண்டு நாளாக என்னிடம் சரியாகப் பேசவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பிப்ரவரி 22

பாட்டில் போட்டேன். 19 லிட்டருக்குச் சர்க்கரை 105 கிராம், கொதிக்க வைத்து ஆற்றிக் கலந்தது. ரெட் ஏலுக்கு நுரை அதிகம் தேவையில்லை.

கடைசி பாட்டில் வெள்ளைக் கண்ணாடி, வேண்டுமென்றே. வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் கெட்டு நாற்றமெடுக்கும், துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்திருக்கிறேன். பார்க்கத்தான் அது. சுற்றுவதற்கு முன்னால் ஜன்னலில் பிடித்தேன். சிவப்பு. வாதமே கிடையாது, சிவப்புதான். போட்டோ எடுத்து அத்தானுக்கு அனுப்பினேன். போட்டோவில் பழுப்பாக விழுந்திருக்கிறது.

பிப்ரவரி 24

டெஸ்ட் நாளை காலை ஏழு மணிக்கு. நான்தான் கூட்டிப் போகிறேன். போட்டோவுக்குப் பதில் வந்தது: "நேரில் காட்டு, நம்புறேன்." குடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், பார்க்கலாமே. வெள்ளை பாட்டிலைக் காரில் வைக்க வேண்டும்.